சாப்பாட்டு மேசையில் நடக்கும் நேர்காணல்

வேலைக்கான நேர்காணல் அழைப்பு வந்ததும் என்ன செய்வோம்? எழுத்துத் தேர்வுக்குப் படிப்போம், தொழில்நுட்பச் சுற்றுக்குப் பழைய கேள்விகளைத் தேடுவோம், என்ன உடை போடுவது என்று நண்பர்களைக் கேட்டுத் துளைப்போம். அன்றைய நிகழ்ச்சி நிரலின் நடுவில் ‘மதிய உணவு, குழுவினருடன்’ என்று ஒரு வரி இருக்கும். அதை யாரும் கண்டுகொள்வதில்லை. அப்பாடா, கொஞ்ச நேரம் மூச்சு விடலாம் என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் அன்று முழுக்க உங்களை மிக அருகில் உட்கார்ந்து பார்க்கப்போகிற நேரம் அதுதான்.

இது எனக்குப் புரிந்தது கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் நடந்த ஒரு விருந்துப் பயிற்சியில். பிளேஸ்மென்ட் பிரிவு ஏற்பாடு செய்திருந்தது. வட்ட மேசைகள், வெள்ளை விரிப்பு, மேசைக்கு ஒருவராக ஏற்கெனவே வேலையில் இருக்கும் சீனியர்கள். நடத்தியவர் விருந்து ஏற்பாட்டுத் தொழிலில் நெடுங்காலம் இருந்த ஒரு மேடம். மைக்கைப் பிடித்ததும் கேட்ட முதல் கேள்வி, “யாரெல்லாம் பசியோட வந்திருக்கீங்க?” பாதிப் பேருக்கு மேல் கையைத் தூக்கினோம். “நிஜ விருந்துக்குப் போறப்போ கிளம்பறதுக்கு முன்னாடியே ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுடுங்க. பசியில இருக்கறவங்க தட்டைத்தான் பார்ப்பாங்க, எதிர்ல இருக்கற ஆளைப் பார்க்க மாட்டாங்க” என்றார்.

அன்று சொன்ன மற்ற எல்லாவற்றையும் இந்த ஒரு வரியிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம் என்று எனக்குப் பிறகு தோன்றியது. அந்த மேசைக்கு நாம் போவது பேச. சாப்பாடு அதற்கு ஒரு சாக்கு. ஃபோர்க், கத்தி, நாப்கின் பற்றிய விதிகளில் பெரும்பகுதி, பக்கத்தில் இருப்பவருக்கு இடைஞ்சல் இல்லாமல் அந்தப் பேச்சு ஓடட்டும் என்பதற்காக வந்தவை. காரணம் தெரிந்துவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியது குறைந்துவிடும்.

உட்காருவதற்கு முன்பே விஷயம் தொடங்கிவிடுகிறது. பல விருந்துகளில் முதலில் நின்றுகொண்டே பானம் குடித்துப் பேசும் நேரம் ஒன்று உண்டு. கிளாஸை இடது கையில் பிடியுங்கள். வலது கை கைகுலுக்குவதற்கு. கிளாஸ் வலது கையில் இருந்தால், யாராவது கை நீட்டும்போது அவசரமாக மாற்றி, ஜில்லென்று ஈரமான கையைக் கொடுக்க வேண்டியிருக்கும். பெயர் அட்டையை வலது தோள் பக்கம் குத்திக்கொள்ளச் சொன்னதற்கும் இதே மாதிரி ஒரு காரணம் இருந்தது. கைகுலுக்கும்போது எதிரில் இருப்பவரின் பார்வை உங்கள் கையிலிருந்து அப்படியே வலது தோளுக்கு ஏறும். பெயர் தானாகக் கண்ணில் படும். அப்புறம், ஒரு கையில் கிளாஸ், மறு கையில் சிற்றுண்டித் தட்டு என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். ஏதாவது ஒன்று போதும்.

சரி, மேசைக்கு வருவோம். வட்ட மேசையில் முதல் குழப்பம், எது என்னுடைய பிரெட் தட்டு, எது என்னுடைய தண்ணீர் கிளாஸ் என்பது. இதற்கு மேடம் சொல்லிக்கொடுத்த வித்தையை இன்றும் மடியில் கை வைத்துச் செய்துபார்ப்பேன். இரண்டு கைகளிலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து, மற்ற மூன்று விரல்களை நேராக நீட்டுங்கள். இடது கை ஆங்கிலச் சின்ன எழுத்து ‘பி’ மாதிரியும் வலது கை ‘டி’ மாதிரியும் தெரியும். பி என்றால் பிரெட், அது இடது பக்கம். டி என்றால் டிரிங்க், குடிப்பதெல்லாம் வலது பக்கம். நடுவில் இருக்கும் பெரிய தட்டு உங்களுடையது.

இதில் ஒருவர் தவறினால் மேசையே தவறும் என்பதுதான் வேடிக்கை. எங்கள் மேசையில் என் இடது பக்கம் இருந்தவன் தன் வலது பக்கத்துத் தட்டை எடுத்துவிட்டான். அது என்னுடையது. இப்போது நான் என் வலது பக்கத்துத் தட்டை எடுத்தால் அடுத்தவருக்குத் தட்டு இல்லை. இப்படியே சுற்றி வந்து கடைசியில் ஒருவர் தேடிக்கொண்டிருப்பார். எதிரில் இருந்த சீனியர் கண்ணாலேயே எனக்குச் சொன்னார், விட்டுவிடு என்று. பிரெட்டைப் பெரிய தட்டின் ஓரத்திலேயே வைத்துக்கொண்டேன். “அது என்னோட தட்டு” என்று சொல்லித் திருத்துவது, தட்டை மாற்றி எடுப்பதைவிடப் பெரிய பிசகு. அடுத்தவரின் தவறை மேசையில் யாரும் பார்க்கவில்லை என்பதுபோல் இருப்பதும் மரியாதையில் ஒரு பகுதி.

நாப்கினை உட்கார்ந்ததும் எடுத்து மடியில் போடலாம். விருந்து கொடுப்பவர் இருந்தால் அவர் எடுக்கும்வரை காத்திருப்பது நல்லது. பெரிய நாப்கின் என்றால் பாதியாக மடித்து, மடிப்பு இடுப்புப் பக்கம் இருக்குமாறு போடுங்கள். வாயைத் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். நடுவில் எழுந்து போக நேர்ந்தால் நாற்காலியில் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வருவீர்கள் என்று பொருள். விருந்து முடிந்து எழும்போது தட்டின் இடது பக்கம், கசக்காமல், ரொம்ப ஒழுங்காக மடிக்கவும் செய்யாமல், தளர்வாக வைத்துவிடுங்கள். எங்கே போகிறேன் என்று எழும்போது விளக்க வேண்டியதில்லை. “மன்னிக்கணும், இதோ வந்துடறேன்” போதும்.

இப்போது எல்லோரையும் மிரட்டும் அந்த ஃபோர்க் வரிசை. இடது பக்கம் ஃபோர்க்குகள், வலது பக்கம் கத்திகளும் சூப் ஸ்பூனும், தட்டுக்கு மேலே படுக்கைவாட்டில் இனிப்புக்கான ஸ்பூனும் ஃபோர்க்கும். வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும், அவ்வளவுதான். இந்த வரிசை வந்த கதை எனக்குப் பிடிக்கும். ஐரோப்பிய விருந்துகளில் முன்பெல்லாம் பல வகைகளை ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவிடுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில்தான் ஒவ்வொரு உணவாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவரும் ரஷ்ய முறை பரவலானது. வரிசையாக உணவு வருவதால் கருவிகளையும் வரும் வரிசையிலேயே வைத்தார்கள். ஆக, மேசையில் இருப்பது பரீட்சைத் தாள் இல்லை, அன்றைய மெனு. வெளி ஓரத்தில் சூப் ஸ்பூன் இருந்தால் முதலில் சூப் வரப்போகிறது. அந்தந்த உணவு முடிந்ததும் அதற்குரிய கருவியும் தட்டோடு போய்விடும். எதையாவது தப்பாக எடுத்துவிட்டால் அதிலேயே சாப்பிட்டு முடியுங்கள். தேவைப்பட்டால் பரிமாறுபவர் வேறொன்று கொண்டுவந்து வைப்பார்.

ஃபோர்க் பிடிக்கப் பழகாதவர்கள் கூச்சப்படவும் தேவையில்லை. இங்கிலாந்துக்காரர்களே ஒரு காலத்தில் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலப் பயணி இத்தாலியில் ஃபோர்க்கால் சாப்பிடுவதைக் கண்டு, தானும் அப்படிச் சாப்பிட ஆரம்பித்து, அதற்காக ஒரு நண்பர் தன்னைக் கிண்டல் செய்ததை 1611-இல் வெளிவந்த தன் பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார். மேசைக் கத்தியின் முனை மழுங்கலாக இருப்பதற்கும் ஒரு பின்னணி உண்டு. 1669-இல் பிரெஞ்சு மன்னர் 14-ஆம் லூயி கூர்முனைக் கத்திகளுக்குத் தடை விதித்தார். மேசைக்கு வந்தவர்கள் குத்திக்கொள்ளாமல் இருந்தால் போதும் என்ற அளவில்தான் அன்றைய கவலை. நம் கவலை எவ்வளவோ தேவலை.

பிடிக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எழுத்தில் படித்தால் இது பிடிபடாது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஃபோர்க் இடது கையில், முட்கள் கீழே பார்த்தபடி. கைப்பிடியின் நுனி உள்ளங்கையில் அழுந்தி இருக்க, ஆள்காட்டி விரல் ஃபோர்க்கின் முதுகின் மேல் நீண்டிருக்கும். கத்தி வலது கையில், அதேபோல். ஆள்காட்டி விரல், கைப்பிடியும் அலகும் சேரும் இடத்துக்கு மேல். முழங்கைகள் விலாவை ஒட்டி இருக்கட்டும். ஃபோர்க்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஃபோர்க்குக்குச் சற்று அப்பால் கத்தியை மெதுவாக முன்னும் பின்னும் இழுங்கள். மேலிருந்து அழுத்தக் கூடாது. தட்டு கிறீச்சிட்டால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். முழங்கை இறக்கை மாதிரி மேலே எழுந்தாலும் அதுதான் காரணம். மேடம் மேசை மேசையாகச் சுற்றி வந்தபோது யாருடைய தட்டையும் பார்க்கவில்லை. எங்கள் முழங்கைகளைத்தான் பார்த்துக்கொண்டு போனார்.

ஒரு துண்டு வெட்டினால் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் அடுத்தது. எல்லாவற்றையும் முதலிலேயே பொடிப்பொடியாக வெட்டி வைத்துக்கொள்வது குழந்தைகளுக்குச் செய்வது. வெட்டியபின் இரண்டு வழிகள் உண்டு. ஃபோர்க்கை இடது கையிலேயே வைத்துச் சாப்பிட்டால் அது ஐரோப்பிய முறை. கத்தியைத் தட்டின் மேல் ஓரத்தில் வைத்துவிட்டு, ஃபோர்க்கை வலது கைக்கு மாற்றி, முட்கள் மேலே இருக்குமாறு சாப்பிட்டால் அமெரிக்க முறை. இரண்டும் சரி. எனக்கு முதல் முறைதான் வசதி, கை மாற்றிக்கொண்டே இருக்கும் வேலை மிச்சம். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் சாப்பிடும்போது கை மாற்றிப் பிடித்துக்கொள்ளலாம். மேசையில் அடுக்கி வைத்திருப்பதை மட்டும் மாற்றி அடுக்க வேண்டாம்.

சாலடில் வரும் செர்ரி தக்காளியைப் பற்றித் தனியாகவே எச்சரிக்க வேண்டும். முழுசாக இருக்கும், வழவழவென்று உருளும், முரட்டுத்தனமாகக் குத்தினால் எதிர் இருக்கைக்காரரின் சட்டை வரை சாறு போகும். கத்தியின் பக்கவாட்டை ஒரு பக்கம் அணை கொடுத்து வைத்து, காம்பு இருந்த குழியில் ஃபோர்க் முள்ளை மெதுவாக இறக்குங்கள். தோல் அங்கேதான் இளகிக்கொடுக்கும். சின்னதாக இருந்தால் அப்படியே வாயில் போட்டு, உதட்டை மூடிக்கொண்டுதான் கடிக்க வேண்டும். பெரியதாக இருந்தால், சொல்லிவிடுகிறேன், விட்டுவிடுவதே உத்தமம். பட்டாணி மாதிரி ஓடுபவற்றைக் கத்தியால் ஃபோர்க்கின் மேல் ஒதுக்கி ஏற்றலாம். பெரிய கீரை இலை வந்தால் கத்தியால் மடித்துச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

கத்தியும் ஃபோர்க்கும் தட்டில் கிடக்கும் விதம் பரிமாறுபவரிடம் பேசும். ஐரோப்பிய முறையில், கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கிறேன் என்பதற்கு இரண்டையும் தலைகீழ் ‘வி’ போல, நுனிகள் தட்டின் நடுவில் நெருங்குமாறு வைக்க வேண்டும். முடித்துவிட்டேன் என்றால் இரண்டையும் இணையாகச் சேர்த்து, கைப்பிடிகள் கடிகாரத்தில் 4 மணி இருக்கும் பக்கம் நீண்டிருக்க, கத்தியின் கூர்ப்பக்கம் உள்நோக்கி வைக்க வேண்டும். பயிற்சியில் ஒரு தோழி சுவாரசியமாக ஏதோ கதை சொல்லிக்கொண்டே இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டாள். கதை முடிந்து குனிந்தால் தட்டைக் காணோம். பாதிக்கு மேல் மிச்சமிருந்த சாப்பாடு போயே போய்விட்டது. பரிமாறியவர் மேல் தப்பில்லை, அவள் ‘எடுத்துக்கொண்டு போங்கள்’ என்றுதான் எழுதி வைத்திருந்தாள். இன்னொன்று, ஒருமுறை பயன்படுத்திய கத்தியோ ஸ்பூனோ திரும்ப மேசை விரிப்பைத் தொடக் கூடாது. பாதி தட்டிலும் பாதி மேசையிலும் துடுப்பு மாதிரி சாய்த்து வைப்பதும் கூடாது.

சூப்பை உங்களிடமிருந்து விலகும் திசையில் அள்ள வேண்டும். சொட்டினால் கிண்ணத்திலேயே சொட்டும், மடியில் சொட்டாது. ஸ்பூனின் பக்கவாட்டில் உறிஞ்சும் சத்தம் இல்லாமல் குடிக்கலாம். சூடாக இருந்தால் ஊதாமல் காத்திருங்கள். பிரெட்டைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து வெண்ணெய் தடவுவது காலை உணவுப் பழக்கம். விருந்தில் ஒரு வாய்க்கு வேண்டிய அளவு பிய்த்து, அதில் மட்டும் தடவிச் சாப்பிட வேண்டும். அதற்கு முன் வெண்ணெயைப் பொதுக் கிண்ணத்திலிருந்து உங்கள் தட்டுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். கூடைகளையும் கிண்ணங்களையும் வலது பக்கமாகக் கடத்துவது வழக்கம். எல்லாம் ஒரே திசையில் போனால் மோதிக்கொள்ளாது. உப்பு மட்டும் கேட்டாலும் உப்பையும் மிளகையும் சேர்த்தே கொடுங்கள். ருசி பார்க்காமலேயே உப்பைக் கொட்டிக்கொள்வது, சமைத்தவரையும் அழைத்தவரையும் சங்கடப்படுத்தும்.

இதுவரை சொன்னது கைகளுக்கு. கஷ்டமான பகுதி வாய்க்குத்தான். பேசிக்கொண்டே சாப்பிடுவது தனித் திறமை, அதைப் பயிற்சியில் யாரும் போதுமான அளவுக்குச் சொல்வதில்லை என்பது என் குறை. நேர்காணல் விருந்தில் கேள்விகள் எல்லாம் உங்களை நோக்கியே வரும். நீங்கள் பதில் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள், மற்றவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள், உங்கள் தட்டு அப்படியே இருக்கும். அதைப் பார்த்ததும் பதற்றம் வரும், வேகமாக அள்ளத் தோன்றும். அப்போது பார்த்துத்தான் அடுத்த கேள்வி வரும், வாய் நிறைய இருக்கும்போது.

இரண்டு விஷயங்கள் எனக்குக் கைகொடுத்தன. ஒன்று, வாய்க்குப் போகும் துண்டு சின்னதாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று மெல்லில் விழுங்கிவிடக்கூடிய அளவு. எதிர்பாராமல் கேள்வி வந்தாலும் ஒரு புன்னகையோடு மென்று விழுங்கிவிட்டுப் பதில் சொல்லலாம். அந்த நொடிகள் உங்களுக்கு யுகமாகத் தெரியும். மற்றவர்களுக்கு நீங்கள் யோசிக்கிறீர்கள் என்றுதான் தெரியும். கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு அவசரமாகப் பேச வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் சாப்பிட வேண்டுமென்றால் எதிரில் இருப்பவரைப் பேச வைக்க வேண்டும். நேர்காணலுக்குப் போகும்போது நிறுவனத்தைப் பற்றிக் கேட்க நாலைந்து கேள்விகள் தயார் செய்வோம் இல்லையா, அவற்றில் நீளமான பதில் வரக்கூடியவற்றை மேசைக்கென்று ஒதுக்கி வையுங்கள். ‘எத்தனை பேர் குழுவில்?’ என்று கேட்டால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். ‘நீங்கள் இந்தக் குழுவுக்கு வந்த புதிதில் பிடிபட நேரம் எடுத்த விஷயம் எது?’ என்று கேளுங்கள். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது நீங்கள் நிதானமாகச் சாப்பிடலாம், காதும் அங்கேயே இருக்கும். அவர் சொன்னதிலிருந்து இன்னொரு கேள்வி பிறந்தால் இன்னும் நாலு வாய் ஆச்சு. வேடிக்கையாகச் சொல்கிறேன் என்றாலும், இப்படிக் கேட்கும் மாணவர்களைத்தான் ‘நன்றாகப் பேசினார்’ என்று பின்னால் சொல்வார்கள். பாதி நேரம் அவர்கள் பேசவே இல்லை.

வேகத்தை அழைத்தவரின் வேகத்தோடு ஒட்டிக்கொள்ளுங்கள். அவருக்கு முன்பே முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், எல்லோரும் காத்திருக்க நீங்கள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருப்பதும் ஒன்றுதான். தட்டைக் காலி செய்தே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள். மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்வதும் அந்த மேசையில் சரிப்படாது.

மெனு கார்டு கையில் வந்தால் பலருக்கும் திணறல். அழைத்தவரிடம் “இங்கே எது நல்லா இருக்கும்?” என்று கேளுங்கள். அவர் சொல்வதிலிருந்தே எந்த விலை வரம்புக்குள் எடுக்கலாம் என்று புரிந்துவிடும். மிக விலை உயர்ந்ததும் வேண்டாம், கூச்சத்தில் மிக மலிவானதும் வேண்டாம். அவர் முதல் வகை ஒன்று சொன்னால் நீங்களும் ஒன்று சொல்லுங்கள். மற்றவர்கள் சும்மா இருக்க உங்களுக்கு மட்டும் சூப் வந்தால் எல்லோரும் உங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நீளமான பாஸ்தா, ஓட்டோடு வரும் கடல் உணவு, எலும்பைக் கடித்துச் சாப்பிட வேண்டிய இறைச்சி, கடித்தால் பிதுங்கும் பர்கர், இவையெல்லாம் நண்பர்களோடு போகும்போது. கத்தியால் சுலபமாக வெட்டக்கூடியதாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

மது விஷயத்தில் என் கருத்து நேரடியானது. நேர்காணல் மேசையில் வேண்டாம். மற்றவர்கள் குடித்தாலும் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள், காரணமும் சொல்லத் தேவையில்லை. ஊற்ற வந்தால் “வேண்டாம், நன்றி” போதும், கிளாஸைக் கவிழ்த்து வைப்பது அழகில்லை. இறைச்சி சாப்பிட மாட்டேன், குறிப்பிட்ட ஒன்று ஒவ்வாமை என்றால் அழைப்பு வந்ததுமே மின்னஞ்சலில் ஒரு வரி தெரிவித்துவிடுங்கள். மேசையில் உட்கார்ந்தபின் அதைப் பற்றி நெடுநேரம் பேச வேண்டியிராது.

விபத்துகள் நடக்கும். ஃபோர்க் கீழே விழுந்தால் குனிந்து மேசைக்கடியில் தேடாதீர்கள், பரிமாறுபவரிடம் வேறொன்று கேளுங்கள். தண்ணீர் கொட்டினால் நாப்கினைப் போட்டு, ஒருமுறை மன்னிப்புக் கேட்டு, பேச்சைத் தொடருங்கள். பத்துமுறை மன்னிப்புக் கேட்டால் அதுதான் அன்றைய தலைப்பாகிவிடும். மென்று விழுங்க முடியாத ஏதாவது வந்தால் ஃபோர்க்கிலேயே மெதுவாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைக்கலாம். மீன் முள்ளை விரலால் எடுத்தாலும் தப்பில்லை. பல்லில் ஏதோ சிக்கியிருக்கிறது என்றால் எழுந்து போய்ச் சரிசெய்துகொண்டு வாருங்கள். போன் பையிலேயே, சத்தம் இல்லாமல் இருக்கட்டும். கவிழ்த்து மேசையில் வைப்பதும் மேசையில் வைப்பதுதான்.

படிப்பு முடித்து வேலைக்குப் போனபின், புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் விருந்துகளில் மேசையின் மறுபக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் எதெல்லாம் கண்ணில் படுகிறது என்பது மாணவர்கள் நினைப்பதிலிருந்து ரொம்ப வித்தியாசம். ஃபோர்க்கைத் தப்பாக எடுத்த ஒருவரைப் பற்றிப் பிறகு யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஒருவர், தான் கேட்டதற்குப் பதில் வேறு உணவு வந்ததும் பரிமாறுபவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் தட்டை விரலால் தள்ளினார். “இது இல்ல” என்றார், அவ்வளவுதான். தொழில்நுட்பச் சுற்றில் அபாரமாகச் செய்தவர். அன்று மாலை நாங்கள் பேசியபோது அந்த விரலைத்தான் முதலில் குறிப்பிட்டார்கள். அவர் நாளைக்கு ஒரு ஜூனியரிடம் எப்படிப் பேசுவார் என்ற கேள்வி எழுந்துவிட்டது. இதே நிலைமையில் இன்னொருத்தி நிமிர்ந்து பார்த்து, “நான் காளான் கேட்டிருந்தேன்னு நினைக்கறேன், மாத்தித் தர முடியுமா? அவசரமில்ல” என்றாள். தட்டு வரும்வரை மற்றவர்களைச் சாப்பிடச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். கொண்டுவந்து வைத்தபோது நன்றி சொன்னாள். இதை நடிக்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். முடியும் என்றே நினைக்கிறேன், தினமும் கேன்டீனில் நடித்துப் பார்த்தால் பழகிவிடும்.

அதேபோல், மேசையில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் இன்னொரு மாணவரைப் பேச்சுக்குள் இழுப்பவர்களையும் கவனிப்போம். போட்டியாளர்தான், ஆனாலும் “நீங்களும் இந்தப் பாடத்துலதானே புராஜெக்ட் பண்ணீங்க?” என்று கேட்பவர் ஒரு படி மேலே போய்விடுகிறார். மேலதிகாரியாகத் தெரிபவரிடம் மட்டும் பேசி, பக்கத்தில் இருக்கும் இளைய ஊழியரைக் கண்டுகொள்ளாதவர்களும் உண்டு. பெரும்பாலும் அந்த இளைய ஊழியர்தான் உங்களோடு வேலை செய்யப்போகிறவர், அவரிடமும் கருத்துக் கேட்பார்கள்.

வெளிநாட்டுக்காரர்களோடு விருந்து என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள், ஒரே விதி எல்லா ஊருக்கும் செல்லாது. அமெரிக்காவில் பயன்படுத்தாத கையை மடியில் வைத்துக்கொள்வார்கள். பிரான்சில் இரண்டு கைகளும் மேசைக்கு மேலே தெரிய வேண்டும், மணிக்கட்டு மேசை விளிம்பில் இருக்கட்டும். ஜப்பானில் நூடுல்ஸை உறிஞ்சும் சத்தம் தப்பே இல்லை. ஆனால் சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவதும், ஒருவர் சாப்ஸ்டிக்கிலிருந்து இன்னொருவர் சாப்ஸ்டிக்குக்கு உணவைக் கைமாற்றுவதும் இறுதிச்சடங்கை நினைவூட்டும் என்பதால் ஆகாது. எதுவும் தெரியாத மேசையில் உட்கார நேர்ந்தால் அழைத்தவரைப் பார்த்து, அவரைவிட ஒரு நொடி தாமதமாகச் செய்யுங்கள்.

பழகுவதற்குப் பெரிய ஓட்டல் தேவையில்லை. ஒரு தட்டு, ஃபோர்க், மேசைக் கத்தி, வெட்டுவதற்கு ஏதாவது இருந்தால் போதும். நானும் அறைத்தோழனும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் நேர்காணல் கேள்வி கேட்க, மற்றவர் சாப்பிட்டுக்கொண்டே பதில் சொல்வோம். கேள்வி கேட்பவர் வேண்டுமென்றே எதிராளி வாயில் உணவு வைக்கும் நேரம் பார்த்துக் கேட்க வேண்டும் என்பது எங்கள் விதி. போனைப் பக்கவாட்டில் நிறுத்தி வீடியோ எடுத்துப் பார்த்தால் முழங்கையும் குனிந்த முதுகும் பளிச்சென்று தெரியும். தலை தட்டை நோக்கிப் போகக் கூடாது, ஃபோர்க் வாயை நோக்கி வர வேண்டும். இதைத் திருத்த எனக்குப் பிடித்த நேரம், மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பிடித்ததைவிட அதிகம்.

கடைசியில் பில் வரும்போது அழைத்தவர்தான் கொடுப்பார். பர்ஸை எடுப்பதுபோல் நடிக்க வேண்டாம், தொகையை எட்டிப்பார்க்கவும் வேண்டாம். எழுந்து நின்று, பெயர் சொல்லி நன்றி தெரிவித்துக் கைகுலுக்கிவிட்டு வாருங்கள். 24 மணி நேரத்துக்குள் ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். ‘அருமையான விருந்துக்கு நன்றி’ என்று மட்டும் எழுதினால் அது எல்லோரும் அனுப்பும் கடிதம். மேசையில் அவர் சொன்ன ஏதாவது ஒன்றை, பெயரோடு, எழுதுங்கள். அவர் ஒரு கருவியைப் பற்றிச் சொல்லியிருந்தால் அன்றிரவே அதைத் திறந்து பார்த்துவிட்டு, என்ன பார்த்தீர்கள் என்று இரண்டு வரி சேர்க்கலாம். குழுவில் மூன்று பேர் இருந்திருந்தால் மூன்று பேருக்கும் தனித்தனியாக, வேறு வேறு வரிகளோடு அனுப்புங்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள்.